புதுப்பிப்பு: மகள் ஞானஸ்நானம் எடுத்திட்டாள்

போன மாசம் எழுதினனான், 17 வயசு மகள் ஞானஸ்நானம் எடுக்கப்போறன் எண்டு நிக்கிறாள், நான் மறிச்சுக்கொண்டிருக்கிறன் எண்டு. நேற்று எடுத்திட்டாள். முல்லைத்தீவுக் கடலில இடுப்பளவு தண்ணியில வச்சு பாஸ்டர் அவளை முழுசா அமிழ்த்தி எடுக்க எனக்கு மூச்சே நிண்டுபோச்சு, கிறிஸ்துவோட அடக்கமாகி எழும்புறது எண்டு பைபிளில ரோமர் 6ஆம் அதிகாரத்தை முதல்நாள் இரவே எனக்கு வாசிச்சுக் காட்டினவள். எங்கட வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலில எண்ணெய்க்குப் பதிலா கடல்தண்ணியில விளக்கெரிக்கத் தீர்த்தம் எடுக்கிற அதே கடல், அதுதான் மனசுக்குள்ள ஓடிக்கொண்டிருந்தது. தாய் இன்னும் அவளோட கதைக்கேல்ல, ஆனா துவாயை மடிச்சுப் பையுக்குள்ள வச்சுவிட்டது அவதான். கரைக்கு வந்து "அப்பா, குளிருது" எண்டாள், தலையைத் துவட்டிவிட்டன். அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு வாறாளோ இல்லையோ, அதை அவளிட்டயே கேக்கப்போறன்.