பொருள்: கார்புரேட்டர் 'ஜெட்' – கழற்றக்கூடிய ஒரு சொல் வேண்டும்

குழுவினர்க்கு வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிள்களுக்கான பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். காற்றோடு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரில், பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பித்தளை உறுப்பே ஜெட். இறுகிப்போன ஜெட்டுகளைக் கழற்றித் துப்புரவு செய்யும் இயலில் அச்சொல் முப்பது இடங்களுக்கு மேல் வருகிறது. முந்தைய இயல்களில் 'தாரை' என்றே எழுதினேன். 'தாரையைத் திருப்புளியால் கழற்றுக' என்று எழுத நேர்ந்தபோது மேலே செல்ல முடியவில்லை. மழை தாரையாகப் பொழியும். பொழிவதை எப்படிக் கழற்றுவது? தங்கள் கருத்தை வேண்டுகிறேன்.

*

ஐயா,

'தாரை' வடசொல் என்பதே அதை விலக்கப் போதுமான காரணம். 'பீய்ச்சி' என்று நேற்று ஒருவர் முன்மொழிந்ததும் வகுப்பறையில் சொல்லத் தக்கதன்று. என் பரிந்துரை 'தூம்பு'. யானையின் துளையுள்ள கையைப் புறநானூறு 'தூம்புடைத் தடக்கை' என்கிறது. ஏரிநீரை வெளியே விடும் அமைப்புக்குக் குமிழித்தூம்பு என்று பெயர். கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் ஒரே மட்டத்தில் நிற்க, அடியிலுள்ள துளை அதை அளந்து விடுவது ஏரியும் தூம்பும் போன்றதே அல்லவா? துளை, தொளை, தொண்டை, தூம்பு ஆகிய நான்கும் ஒரே வேரில் கிளைத்தவை என்றே நான் கருதுகிறேன். 'தும்பி' யானையைக் குறிப்பதையும் இதனோடு சேர்த்து எண்ணலாம்.

*

ஐயா, வணக்கம்.

நான் இருசக்கர வாகனப் பழுதுநீக்கம் கற்பிப்பவள். வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்திய வடசொல்லைத் தொல்காப்பியமே செய்யுளுக்கு ஏற்றுக்கொள்வதால், 'தாரை'யைப் பிறப்பு நோக்கித் தள்ள வேண்டியதில்லை. பொருள் நோக்கித்தான் தள்ள வேண்டும். ஜெட் எதையும் பீய்ச்சுவதில்லை. காற்று விரையும் குறுகிய கழுத்தில் அழுத்தம் குறைவதால் பெட்ரோல் மேலேறுகிறது. எவ்வளவு ஏறலாம் என்பதை ஜெட்டின் துளை வரையறுக்கிறது. கெய்ஹின் நிறுவன ஜெட்டில் 100 என்ற எண் இருந்தால் துளையின் விட்டம் ஏறத்தாழ 1 மி.மீ.; அமல் நிறுவன ஜெட்டின் எண்ணோ நிமிடத்துக்கு எத்தனை கன செ.மீ. பாய்கிறது என்பதைக் காட்டும். ஆகவேதான் அடைப்பை எஃகுக் கம்பியால் குத்தக் கூடாது என்கிறோம். மென்மையான பித்தளை தேய்ந்தால் அளவே மாறிவிடும்.

ஆனால் 'அளவுத்துளை' என்றும் பெயரிட முடியாது, ஏனெனில் நம் கைக்கு வருவது துளையன்று, திருகு. நாட்பட்ட பெட்ரோல் ஆவியாகிப் பிசினாக உறைந்து திருகின் மரையைப் பற்றிக்கொள்கிறது. சென்ற வாரம் ஒரு மாணவர் நுனி மெலிந்த திருப்புளியை ஜெட்டின் தலையிலுள்ள வெட்டில் வைத்து, மேலிருந்து அழுத்தாமல் திருப்பினார். வெட்டின் இரு ஓரங்களும் வழிந்து, நுனியில் மயிரிழை போன்ற பித்தளைச் சுருள் ஒட்டிக்கொண்டு வந்தது. வெட்டை அகலத்திலும் தடிப்பிலும் முழுதாக நிரப்பும் திருப்புளி வேண்டும். மரையில் ஊடுருவும் எண்ணெயை ஓரிரவு ஊறவிட்டு, முதலில் இறுக்கும் திசையில் இம்மியளவு அசைத்து, பிறகு இடப்புறமாகத் திருப்ப வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், பெட்ரோலை முற்றிலும் வடித்து, மிதவையையும் ரப்பர் வளையங்களையும் நீக்கிய பின், கார்புரேட்டரின் உடலை வெந்நீரில் அமிழ்த்தலாம். ஜெட்டின் பித்தளையைவிட உடலிலுள்ள அலுமினியமும் துத்தநாகமும் கூடுதலாக விரிவதால் பிடி தளரும். தீச்சுடரை அருகில் கொண்டுவரவே கூடாது.

எனவே, எந்தச் சொல்லையும் இரண்டு வாக்கியங்களில் வைத்துப் பாருங்கள்: 'அதைக் கழற்றுக', 'அதன் துளையை ஊதிப் பார்க்க'. இரண்டிலும் இடறாமல் நிற்பது 'துளைத்திருகு'. முதன்மைத் துளைத்திருகு, மெதுவோட்டத் துளைத்திருகு என அடைமொழிகளும் இயல்பாக ஒட்டுகின்றன.

*

அம்மையீர்,

தங்கள் சோதனை நன்று. ஆனால் சில கார்புரேட்டர்களில் மெதுவோட்ட ஜெட் மரையின்றி அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கிறது. அது திருகே அன்று. மேலும் காற்றுத் திருகு என்ற வேறோர் உறுப்பு அருகிலேயே இருக்க, கற்பவர் தவறானதைத் திருப்பக்கூடும். 'தூம்பைக் கழற்றுக', 'தூம்பின் துளையை ஊதுக' ஆகிய இரண்டும் தங்கள் சோதனையில் தேறுகின்றன.

*

அனைவருக்கும் நன்றி.

கருத்துரைத்த எண்மரில் ஐவர் 'துளைத்திருகு' என்றனர். இருவர் 'ஜெட்' என்றே விடலாம், உதிரிபாகக் கடையில் வேறு பெயர் செல்லாது என்றனர். அழுத்திப் பொருத்தியவற்றைக் கழற்ற முயலக் கூடாது என்று இவ்வியலிலேயே எச்சரிக்கை இருப்பதால், கழற்றத் தக்கவற்றை மட்டும் 'துளைத்திருகு' என எழுதி, முதல் வருகையில் 'ஜெட் எனப்படும்' என்று சேர்த்திருக்கிறேன். 'தாரை' வரும் முந்தைய பக்கங்களை இன்றிரவு திருத்துவேன்.

*

ஐயா, அழுத்திப் பொருத்தியவற்றை என்னவென்று எழுதினீர்கள்?