புளியரை ரோட்டு மரங்கள்ல ஆணி பிடுங்கணும், கை கொடுங்க

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி வேணும்.

செங்கோட்டை சங்கு முத்திரை வளைவைத் தாண்டி புளியரை பக்கம் போனா, வயலும் தென்னையும் பின்னால மலையுமா கண்ணு நிறையும். 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்த மண்ணு இது. கேரளாவுக்குப் போற யாரும் அங்க வண்டியை நிறுத்தி ஒரு போட்டோ எடுக்காம போறதில்ல. இப்போ ஃப்ளெக்ஸ் போர்டுதான் மறைச்சு நிக்குது.

மரங்களைப் பார்த்தாதான் வயிறு எரியுது. நேத்து ஒரே புளியமரத்துல போர்டு மாட்ட அடிச்ச 23 ஆணி எண்ணினேன். பாதி ஆணி துருவேறி பட்டைக்குள்ள புதைஞ்சிட்டு. ஒரு ஆணியைச் சுத்திப் பட்டை கறுத்து, நீர் வடியுது. அந்தக் காயம் வழியாத்தான் பூஞ்சை உள்ள போகும்.

வர்ற ஞாயிறு காலைல 6 மணிக்கு ஏணி, ஆணி பிடுங்குற சுத்தியலோட யார் யார் வருவீங்க? ஆழமாப் போன ஆணியை எடுக்கணுமா, விட்டுடணுமா? மரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. பொது இடங்களை அலங்கோலப்படுத்துறதைத் தடுக்க 1959லயே தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு. அதை வச்சு கலெக்டருக்கு மனு எழுதிக் கொடுக்க ஒரு வக்கீல் கிடைச்சா பெரிய உபகாரம். புளியரைக்காரங்க யாராவது இருந்தா முதல்ல நீங்க பேசுங்க.