ஆல்ஃபா-சைனூக்ளின் கொடுத்தால் டிஎன்எஃப் ஏறுகிறது, ஐஎல்-1பீட்டா வரவில்லை: எங்கே கோளாறு?

கேள்வி

வணக்கம். பார்க்கின்சன் நோயில் மூளை அழற்சியின் பங்கைப் பார்க்கும் வேலை. பிறந்து 1 முதல் 3 நாளான சுண்டெலிக் குட்டிகளின் மூளையிலிருந்து கலப்புக் கிளியா (நரம்புச் செல்லுக்குத் துணைநிற்கும் செல்கள்) வளர்த்து, 10% சீரம் கலந்த ஊடகத்தில் 12 நாள் வைத்து, குலுக்கி, மூளையின் நோயெதிர்ப்புச் செல்லான மைக்ரோகிளியாவைப் பிரிக்கிறோம். 96 குழித் தட்டில் குழிக்கு 50,000 செல். ஈ.கோலையில் தயாரித்த மனித ஆல்ஃபா-சைனூக்ளினை (பார்க்கின்சன் நோயில் மூளையில் திரளும் புரதம்) நாரிழையாக்கி, சோனிகேட் செய்து (ஒலி அலையால் துண்டாக்கி), மி.லி.க்கு 5 மைக்ரோகிராம் வீதம் 24 மணி நேரம் கொடுக்கிறோம். எலிசாவில் (புரத அளவைக் காட்டும் சோதனை) அழற்சிப் புரதமான டிஎன்எஃப் எக்கச்சக்கமாக வருகிறது. இன்னொரு அழற்சிப் புரதமான ஐஎல்-1பீட்டா கிட்டத்தட்ட பூஜ்யம். நாரிழையாகாத மோனோமர் கொடுத்தாலும் டிஎன்எஃப் பாதியளவு வந்துவிடுகிறது. கொதிக்க வைத்த நாரிழையும் அதே அளவு தூண்டுகிறது. ஐஎல்-1பீட்டாவை முதிரச் செய்யும் புரதக் கூட்டான என்எல்ஆர்பி3 இன்ஃப்ளமசோம் இயங்குவதைக் காட்ட வேண்டும். எதை முதலில் சரிபார்க்கலாம்?

பதில் 1

முதலில் எண்டோடாக்சின், அதாவது பாக்டீரியா உறையிலிருந்து வரும் எல்பிஎஸ் என்ற நச்சு. ஐஎல்-1பீட்டா இல்லாமல் டிஎன்எஃப் வருவதும், மோனோமரே தூண்டுவதும் அந்தப் பக்கம்தான் கைகாட்டுகின்றன.

டிஎன்எஃப் வர ஒரு சமிக்ஞை போதும்: எல்பிஎஸ்ஸை உணரும் டிஎல்ஆர்4 தூண்டப்பட்டு, அழற்சி ஜீன்களை இயக்கும் என்எஃப்-கப்பாபி இயங்கினால் செல் அதைச் சுரந்துவிடும். ஐஎல்-1பீட்டாவுக்கு இரண்டு வேண்டும். முதல் சமிக்ஞையில் புரோ வடிவம் செல்லுக்குள் சேரும். இரண்டாவதில் என்எல்ஆர்பி3 கூடி, காஸ்பேஸ்-1 என்ற நொதி அதை வெட்டினால்தான் முதிர்ந்த வடிவம் வெளியே வரும். ஈ.கோலையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த எல்பிஎஸ் முதல் வேலையை மட்டும் செய்யும். உங்கள் எலிசா காட்டுவதும் அதையே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் எண்டோடாக்சின் அலகு என்பது ஏறத்தாழ 100 பிகோகிராம் எல்பிஎஸ். உங்கள் புரதத்தில் மி.கிராமுக்கு 500 அலகு இருந்தால், 5 மைக்ரோகிராமில் 2.5 அலகு, அதாவது மி.லி.க்கு சுமார் 250 பிகோகிராம். மைக்ரோகிளியாவிலிருந்து டிஎன்எஃப் வர அதுவே போதும். குழியில் இறுதி அளவு 0.1 அலகுக்குக் கீழே இருக்க வேண்டும். இன்னும் குறைந்தால் நல்லது.

கொதிக்க வைக்கும் கட்டுப்பாட்டை சைனூக்ளினுக்கு நம்ப வேண்டாம். எல்பிஎஸ் வெப்பம் தாங்கும், சரி. ஆனால் சைனூக்ளின் மோனோமரும் தாங்கும். 95 டிகிரியில் கொதிக்க வைத்து மற்றப் புரதங்களைப் படிய விடுவதுதான் அதன் சுத்திகரிப்பில் ஒரு படி. ஆகவே அந்தச் சோதனையின் முடிவு எந்தப் பக்கமும் பேசாது.

சோதிக்க எல்ஏஎல் (குதிரைலாட நண்டின் இரத்தச் சாறால் எண்டோடாக்சினை அளக்கும் சோதனை) போதும், ஆனால் தெரிந்த அளவு எண்டோடாக்சினை மாதிரியில் சேர்த்து மீட்பு அளவையும் பாருங்கள். 50 முதல் 200 சதவீதத்துக்குள் வராவிட்டால் புரதம் எல்பிஎஸ்ஸை மறைக்கிறது என்று பொருள். அப்போது வரும் குறைந்த எண்ணை வைத்து நிம்மதி அடையக்கூடாது. பீட்டா-குளூக்கான் (பூஞ்சைச் சுவரிலுள்ள சர்க்கரை) இருந்தால் எல்ஏஎல் பொய்யாக ஏறும். அந்தச் சாற்றின் ஒரு நொதியை மட்டும் ஆய்வகத்தில் தயாரித்துப் பயன்படுத்தும் மறுசேர்க்கைக் காரணி சி வகைக் கிட்டில் அந்தத் தொல்லை இல்லை.

நீக்குவதை மோனோமர் நிலையிலேயே முடித்துவிடுங்கள். 1% ட்ரைட்டன் எக்ஸ்-114 என்ற சோப்புப்பொருள் சேர்த்து 4 டிகிரியில் 30 நிமிடம் சுழலவிட்டு, 37 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, சென்ட்ரிஃபியூஜ் செய்து மேல்நீரை எடுங்கள். இதையே மூன்று நான்கு முறை. பலர் சொதப்புவது சென்ட்ரிஃபியூஜில்தான்: கருவி குளிர்ந்திருந்தால் பிரிந்த அடுக்குகள் மீண்டும் கலந்துவிடும், எல்லாம் வீண். சுழற்சி முழுக்க 25 டிகிரிக்கு மேலேயே வைத்திருங்கள். மிச்ச ட்ரைட்டனை அகற்றிவிட்டு நாரிழையாக்குங்கள். எல்பிஎஸ் இருக்கும்போதே நாரிழையாக்கினால் நாரிழையின் அமைப்பே மாறக்கூடும். பிறகு செய்யும் சுத்திகரிப்பு அதைத் திருத்தாது.

கண்ணாடிப் பாத்திரங்களுக்கு ஆட்டோகிளேவ் போதாது. 250 டிகிரி உலர் வெப்பம், 30 நிமிடம்.

கேட்டவர்

நன்றி. டிஎல்ஆர்4 தடுப்பான் டாக்-242 போட்டுப் பார்த்தால் இதே கேள்விக்கு விடை கிடைத்துவிடாதா? அல்லது பாலிமிக்சின் பி?

பதில் 2

டாக்-242 இங்கே விடை தராது. சைனூக்ளினே டிஎல்ஆர்2, டிஎல்ஆர்4 வழியாக மைக்ரோகிளியாவைத் தூண்டுவதாக ஆய்வுகள் உண்டு. தடுப்பான் போட்டு டிஎன்எஃப் விழுந்தால் எல்பிஎஸ் விழுந்ததா, நாரிழையின் விளைவு விழுந்ததா என்று பிரிக்க முடியாது. பாலிமிக்சின் பி எல்பிஎஸ்ஸைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அதுவே மேக்ரோஃபேஜ்களில் ஐஎல்-1பீட்டாவை வெளியேற்றுவதாகக் காட்டியிருக்கிறார்கள். இன்ஃப்ளமசோம் பார்க்கும் ஆய்வில் அது வேண்டவே வேண்டாம். எல்பிஎஸ் மாற்றியமைக்கப்பட்ட ஈ.கோலை வகையில் புரதம் தயாரித்தால் மனித செல்லுக்கு ஓரளவு நிம்மதி. அதிலுள்ள லிப்பிட் IVஏ சுண்டெலியின் டிஎல்ஆர்4-ஐத் தூண்டும், ஆகவே உங்களுக்கு அது முழுத் தீர்வு ஆகாது. சுத்தம் செய்த அதே தொகுதியின் மோனோமரைப் பக்கத்தில் ஓட்டுங்கள். நேர்மையான ஒப்பீடு அதுதான்.

இனி ஐஎல்-1பீட்டா. எல்பிஎஸ் மி.லி.க்கு 100 நானோகிராம், 3 முதல் 4 மணி நேரம் முன்தூண்டல் (முதல் சமிக்ஞை). இரண்டு முறை கழுவி, சீரம் இல்லாத ஊடகத்துக்கு மாற்றுங்கள். இரண்டாவது சமிக்ஞை தரும் நேர்க் கட்டுப்பாடாக 10 மைக்ரோமோலார் நைஜெரிசின் 1 மணி நேரம், அல்லது 5 மில்லிமோலார் ஏடிபி 30 முதல் 60 நிமிடம். ஏடிபி கரைசலின் பிஎச்சை 7.4-க்குச் சரிசெய்யாவிட்டால் அமிலத்தாலேயே செல் சாகும். நைஜெரிசினுக்கே ஐஎல்-1பீட்டா வரவில்லையென்றால் குறை நாரிழையில் இல்லை, முன்தூண்டலில்.

நாரிழை மெதுவாகத்தான் என்எல்ஆர்பி3-ஐ இயக்கும். ஒரு மணி நேரத்தில் எதிர்பார்க்காதீர்கள். முன்தூண்டலுக்குப் பிறகு 24 மணி நேரமாவது விடுங்கள். எம்சிசி950 என்ற என்எல்ஆர்பி3 தடுப்பானை முன்தூண்டலுக்குப் பின், நாரிழைக்கு அரை மணி முன், 1 மைக்ரோமோலாராகக் கொடுங்கள். முன்தூண்டலோடு சேர்த்துக் கொடுத்தால் எந்தப் படி தடைபட்டது என்று வாதிட முடியாது. டிஎன்எஃப் அப்படியே இருந்து ஐஎல்-1பீட்டா மட்டும் விழுந்தால்தான் முடிவு சுத்தம்.

எலிசாவை மட்டும் நம்பாதீர்கள். செத்த செல்லிலிருந்து கசியும் புரோ வடிவத்தையும் பல கிட்கள் பிடிக்கும். செல் சாவைக் காட்டும் எல்டிஹெச் நொதியை அளந்து, வெஸ்டர்னில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை) 31 கிலோடால்டன் புரோ வடிவமும் 17 கிலோடால்டன் முதிர்ந்த வடிவமும் தனித்தனியாகத் தெரிகிறதா பாருங்கள். மேல்நீரை மெத்தனால்-குளோரோஃபார்மில் வீழ்படிவாக்கி ஏற்றுங்கள். சீரம் இருந்தால் ஆல்புமின் தடத்தையே அடைத்துவிடும்.

பதில் 3

செல்லைப் பற்றி ஒன்று. 12 நாள் சீரத்தில் வளர்ந்த மைக்ரோகிளியா மூளையில் இருப்பதைப் போன்றதல்ல. டிஎம்இஎம்119, பி2ஆர்ஒய்12 போன்ற அடையாள ஜீன்கள் சரிந்துவிட்டிருக்கும். டிஜிஎஃப்-பீட்டா, ஐஎல்-34, கொலஸ்ட்ரால் சேர்த்த சீரமில்லா ஊடகத்தில், வளர்ந்த எலியிலிருந்து நேரடியாகப் பிரித்த செல்லில் முக்கிய முடிவையாவது ஒருமுறை உறுதிப்படுத்துங்கள். பிவி2 என்ற மைக்ரோகிளியா செல்வழியை அதற்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம். கட்டுரையில் எம்1 (அழற்சி வகை), எம்2 (ஆற்றும் வகை) என்று எழுதுவதைத் தவிர்த்து, எந்த ஜீன் ஏறியது, எது இறங்கியது என்று சொல்லிவிடுங்கள்.

முடிவுரையில் 'அழற்சியைத் தடுத்தால் நோய் நிற்கும்' என்ற வரி மட்டும் வேண்டாம். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையின் கருநிறப் பகுதியில் (சப்ஸ்டான்ஷியா நைக்ரா) தூண்டப்பட்ட மைக்ரோகிளியா இருப்பது 1988-லேயே காட்டப்பட்டது, ஆனால் இருப்பது வேறு, காரணம் வேறு. மைக்ரோகிளியாவை அடக்கும் என்று நம்பிய மினோசைக்ளின், 2007-ல் வெளியான ஏஎல்எஸ் (தசையை இயக்கும் நரம்புகள் அழியும் நோய்) சோதனையில் நோயை விரைவுபடுத்தியது. ட்ரெம்2 ஜீனின் ஆர்47ஹெச் மாற்றம் அல்சைமர் அபாயத்தை ஏறத்தாழ மூன்று மடங்காக்குவது 2013-ல் தெரிந்தது. அங்கே கோளாறு மைக்ரோகிளியா தன் வேலையைக் குறைவாகச் செய்வதில். உங்கள் தரவு சொல்லக்கூடியது, முன்தூண்டப்பட்ட செல்லில் நாரிழை என்எல்ஆர்பி3-ஐ இயக்குகிறதா இல்லையா என்பது வரைதான்.