வாரம் 55 மணி நேர வேலை: உடம்பைக் கெடுக்குமா, வீண் பயமா?

மாறன்:
உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்த்ததால் வந்த பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016-இல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 7,45,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்கிறது அது. 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்ப்பவர்களைவிட இவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல். வேலை நேரத்துக்குச் சட்ட வரம்பு வைத்து அதைக் கறாராக நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது என் வாதம். மறுப்பவர்கள் சொல்லுங்கள், பேசுவோம்.

பட்டறைக்காரன்:
நான் மறுக்கிறேன். சொந்தமாக லேத் பட்டறை நடத்துகிறேன். விடிந்ததும் ஷட்டரைத் தூக்கினால் இரவு வெகுநேரம் கழித்துத்தான் இறக்குவேன். பல வருடமாக இப்படித்தான். படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வருகிறது. பிடிக்காத வேலையை நாலு மணி நேரம் பார்த்தாலே உடம்பு வலிக்கும், பிடித்த வேலைக்குப் பொழுது போவதே தெரியாது. நம் பாட்டன் பூட்டன் எல்லாம் கடிகாரம் பார்த்தா வயலில் இறங்கினார்கள்? அப்புறம், அதிக நேரம் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் புகை, டீ, நேரம் கெட்ட சாப்பாடு என்று இருப்பவர்கள். நோய் அதனால் வந்ததா, வேலை நேரத்தால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

எண்கணக்கன்:
பட்டறைக்காரரின் கடைசிக் கேள்வி நியாயமானது. ஆய்வாளர்களும் அதைக் கேட்டுக்கொண்டுதான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு, வந்தது. பக்கவாதத்துக்கு மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவு. வயது, பாலினம், பொருளாதார நிலை இவற்றை எல்லாம் கழித்துப் பார்த்த பிறகும், நேரம் கூடக் கூட ஆபத்து படிப்படியாக ஏறியது: 41–48 மணி நேரத்துக்கு 10 சதவீதம், 49–54க்கு 27, 55க்கு மேல் 33. இப்படி ஏறும் படிகளை வெறும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

மாறனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 35 சதவீதம் கூடுதல் என்றால் நூறு பேரில் 35 பேருக்குப் பக்கவாதம் வரும் என்று பொருள் இல்லை. ஏற்கெனவே இருக்கும் சிறிய வாய்ப்பு அந்த அளவு பெரிதாகிறது, அவ்வளவுதான். தனி ஒருவரைப் பயமுறுத்த இந்த எண் உதவாது. கோடிக்கணக்கான பேர் வேலை பார்க்கும் இடத்தில் சட்டம் போட உதவும்.

வேணி:
நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது சரியில்லை என்று நினைக்கிறேன். லண்டன் அரசு ஊழியர்களிடம் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு என்ன காட்டியது? பதவி இறங்க இறங்க இதய நோய்ச் சாவு கூடியது. மேலதிகாரிகளுக்குப் பொறுப்பு அதிகம், ஆனாலும் அவர்கள்தான் அதிக நாள் வாழ்ந்தார்கள். பின்னால் மைக்கேல் மார்மட் குழு நடத்திய இரண்டாம் வைட்ஹால் ஆய்வில், தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒருவருக்கு எவ்வளவு இருக்கிறது என்பது முக்கியமான காரணமாகத் தெரிந்தது. பட்டறைக்காரருக்கு அந்த உரிமை இருக்கிறது, நினைத்தால் ஷட்டரை இறக்கலாம். எனக்கு அது இல்லை. எட்டு மணி நேரம்தான் வேலை, ஆனால் கழிவறைக்குப் போகவும் தலையை ஆட்டி அனுமதி வாங்க வேண்டும். எந்த வரம்புச் சட்டம் என் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும்?

மாறன்:
வேணி சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஒன்றைக் காட்டி இன்னொன்றை விட்டுவிடக் கூடாது. ஜப்பானில் மிகை உழைப்பால் வரும் சாவுக்கு ‘கரோஷி’ என்று தனிப்பெயரே உண்டு. ஒரு மாதத்தில் 100 மணி நேரமோ, இரண்டு முதல் ஆறு மாதங்களுக்குச் சராசரியாக 80 மணி நேரமோ மிகைநேரம் (ஓவர்டைம்) பார்த்தவர் மூளை ரத்தக்குழாய் நோயிலோ இதய நோயிலோ விழுந்தால், அந்த நோயை வேலையால் வந்ததென ஏற்க அங்கே இந்த நேரக் கணக்கை வலுவான ஆதாரமாகக் கொள்கிறார்கள். பிடித்த வேலையா, பிடிக்காத வேலையா என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை.

பாட்டன் பூட்டன் விஷயம்: இருட்டினால் அவர்கள் வேலை நின்றது. அறுவடை முடிந்தால் ஓய்வு வந்தது. நம் வேலை ஃபோனில் ஏறிப் படுக்கைவரை வருகிறது.

தேன்மொழி:
நான் செவிலியர். எண்களை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், வார்டில் பார்ப்பதைச் சொல்கிறேன்.

இன்சுலின் ஊசியில் இரண்டு வகை உண்டு. சிவப்பு மூடி போட்டது ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள மருந்துக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் அதே கோடு வரை இழுத்தால் நோயாளிக்கு இரண்டரை மடங்கு போய்விடும். டியூட்டி தொடங்கும்போது இது கைக்குத் தானாக வரும். ஆள் வராததால் அடுத்த ஷிஃப்டையும் சேர்த்துப் பார்க்கும் இரவில், மூடியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன், மூளைக்கு ஏறாது. பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லித்தான் மருந்தை எடுப்பேன். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997-இலேயே நேச்சர் இதழில் வந்திருக்கிறது. எனக்கு அது அதிசயமாகப் படவில்லை.

அண்ணா, படுத்ததும் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவதாகச் சொன்னீர்கள். தூக்கம் போதாத உடம்பும் அப்படித்தான் விழும். சாதாரணமாக நாம் தூங்கும்போது ரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் இறங்கும். ரத்தக்குழாய்க்குக் கிடைக்கும் ஓய்வு அதுதான். தூங்கும் நேரத்தை வேலை தின்றால் அந்த ஓய்வும் சுருங்கும். வேலையை எவ்வளவு ஆசையாகச் செய்தாலும் ரத்தக்குழாய்க்கு அது தெரியாது.

பட்டறைக்காரன்:
தங்கச்சி சொன்ன ஊசி விஷயம் எனக்குப் புரிகிறது. லேத்தில் இரும்பைப் பிடிக்கும் சக்கை இறுக்க ஒரு சாவி உண்டு, அந்தச் சக் சாவியை எடுக்காமல் மெஷினைப் போடுவது எங்கள் தொழிலில் பெரிய ஆபத்து. சாவி பறந்து வந்து மண்டையில் அடிக்கும். அது பெரும்பாலும் சாயங்காலத்துக்கு மேல்தான் நடக்கும். அதனால்தான் பையன்களை ஆறு மணிக்கு மேல் மெஷினில் நிற்க விடுவதில்லை.

ஆனால் சட்டம் போட்டால் சரியாகிவிடும் என்பதை இன்னும் ஏற்கவில்லை. ஓவர்டைம் கேட்டு என்னிடம் வருவதே அந்தப் பையன்கள்தான். அடிப்படைச் சம்பளம் குடும்பத்துக்குப் பற்றவில்லை. நேரத்தை வெட்டினால் அவன் என்னை விட்டு இன்னொரு இடத்தில் இரவு வேலைக்குப் போவான். அதை எந்த ஆய்வு கணக்கில் எடுத்தது?

எண்கணக்கன்:
கூலி இல்லாமல் நேரத்தைப் பேச முடியாது, உண்மை. அதே 2015-இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வில், நீண்ட வேலை நேரத்துக்கும் இரண்டாம் வகை நீரிழிவுக்கும் இருக்கும் தொடர்பு பொருளாதாரத்தில் கீழே இருப்பவர்களிடம்தான் தெரிந்தது. மேலே இருப்பவர்களிடம் தெரியவில்லை. நேர வரம்பைக் கேட்பவர்கள் அதே மூச்சில் கூலி உயர்வையும் கேட்க வேண்டும்.

வேணி:
மூன்றாவதாக, அனுமதி கேட்காமல் எழுந்துபோகும் உரிமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேன்மொழி:
அண்ணா, பையன்களை ஆறு மணிக்கு அனுப்பிவிட்டு நீங்கள் மட்டும் மெஷினில் நிற்கிறீர்கள். உங்கள் கைக்கும் மண்டைக்கும் அதே ஆபத்துதானே? கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள்?

பட்டறைக்காரன்:
பார்த்து ரொம்ப நாளாச்சு. தலைசுற்றல் ஒன்றும் இல்லையே என்று விட்டுவிட்டேன். தூக்கத்தில் இறங்குகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தூங்கும்போது யார் வந்து பார்ப்பார்கள்?

தேன்மொழி:
பிரஷர் கூடினால் தலைசுற்ற வேண்டும் என்று இல்லை அண்ணா, பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. இரவில் பார்க்க 24 மணி நேரக் கருவி இருக்கிறது. கையில் பட்டையும் இடுப்பில் சின்னப் பெட்டியும் கட்டிவிடுவார்கள். பகலில் அரைமணிக்கு ஒருமுறை போல, இரவில் இன்னும் கொஞ்சம் இடைவெளி விட்டு, தானே இறுகி அளந்து பதிந்துகொள்ளும். டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். ஓய்வு நாளில் கட்டிக்கொண்டு வராதீர்கள், பட்டறை ஓடுகிற நாளில் கட்டுங்கள். ஆனால் அதைக் கட்டியிருக்கும்போது மெஷினில் மட்டும் நிற்காதீர்கள், பட்டை சிக்கிக்கொள்ளும். மற்ற வேலைகளை வழக்கம்போலப் பாருங்கள்.