மஸ்டாங் ஜிடி காரின் உயரத்தை இறக்க ஸ்பிரிங் போதுமா, காயில்ஓவர் வேண்டுமா?

கேள்வி:
கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். போன மாதம்தான் பழைய மஸ்டாங் ஜிடி வாங்கினேன். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி கண்ணை உறுத்துகிறது, 25 மி.மீ. இறக்கினால் போதும். ஸ்பிரிங் மட்டும் மாற்றலாமா? வாரம் ஒருமுறை தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் போய் வருவேன்.

பதில் 1:
காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய் வரும் செட்) போடுங்கள் அண்ணா. ஸ்பிரிங் போட்டால் உயரம் அதோடு முடிந்தது, நம் ஊர் வேகத்தடையில் அடி தட்டினால் திரும்பக் கழற்ற வேண்டியதுதான். காயில்ஓவரில் திருகி ஏற்றிக்கொள்ளலாம்.

பதில் 2:
25 மி.மீ.க்கு அவ்வளவு செலவு தேவையில்லை. முதலில் டேம்பரை, அதாவது ஷாக் அப்சார்பரைப் பாருங்கள், எண்ணெய் கசிந்தால் புது ஸ்பிரிங் போட்டும் பயனில்லை, தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மூக்கு குத்தி ஆடும், எனக்கு அது பெரிய பயம். உயரம் குறைந்தால் டேம்பர் ஓடும் தூரமும் குறையும், கடைசிவரை அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் கட்டையில் சீக்கிரம் இடிக்கும். அதனால் ஸ்பிரிங்கோடு அதற்குப் பொருந்தும் டேம்பரையும் சேர்த்து மாற்றுங்கள். என் ஓட்டு இதற்குத்தான்.

பதில் 3:
எதைப் போட்டாலும் சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும் உயரத்தில்தான் இறுக்கச் சொல்லுங்கள், தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக் கிழியும். அப்புறம் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பது. விட்டால் டயரின் உள்பக்கம் தேய்ந்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இன்சூரன்ஸுக்கும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, ஞாயிற்றுக்கிழமை டேம்பரைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.