கிரெடிட் கார்டு கிடைத்தது, லிமிட்தான் 1,500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்)

பகாவ் கிராணி:

கார்டு வந்து இரண்டு மாதம் ஆகிறது. அந்த ஒரு நாள் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். எஸ்டேட் ஆபீசில் கிராணி (குமாஸ்தா) வேலை, மாதச் சம்பளம் 2,300. கடிதத்தில் லிமிட் 1,500 என்று போட்டிருந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை. கார்டு வந்ததே சந்தோஷம்.

தங்கச்சிக்கு மெட்ரிக்குலேசி (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) இடம் கிடைத்திருந்தது. லேப்டாப் வாங்க அப்பாவையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனேன். விலை 1,899. கடைக்காரர் கார்டைச் செருகினார், நான் பின் நம்பர் அழுத்தினேன், மெஷின் கத்தியது. மறுபடி போட்டார், மறுபடியும் அதே சத்தம். தலையை ஆட்டினார். அப்பா சட்டென்று கையை நீட்டி கார்டை வாங்கி, சட்டை ஓரத்தில் முன்னும் பின்னும் அழுத்தித் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம், "சுபா லாகி, தவுக்கே" (மறுபடி போட்டுப் பாருங்கள், முதலாளி) என்று மலாயில் சொல்லி நீட்டினார்.

முப்பது வருஷம் ரப்பர் மரம் சீவிய கை அது. கார்டில் அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று நினைத்துவிட்டார். எனக்கு அந்த நொடியில்தான் லிமிட் ஞாபகம் வந்தது. சொல்ல வாய் வரவில்லை. கூட்டுப் பணத்தை (சீட்டுப் பணம்) எடுத்து மறுநாள் வாங்கினோம். உங்களுக்கும் இவ்வளவு கம்மியாகத்தான் கொடுத்தார்களா?

லாடாங் பையன்:

எனக்கு 1,000தான். பெட்ரோல் பம்பு விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. வெளியே பம்பிலேயே கார்டு போட்டால் 200 வெள்ளியைப் பிடித்து வைக்கும், முப்பது வெள்ளிக்கு எண்ணெய் போட்டாலும் அதே 200. திரும்பி வர சில நாள் ஆகும். அந்த வாரம் மூன்று தடவை போட்டுவிட்டேன். சனிக்கிழமை பிள்ளைக்குப் பால்மாவு எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனால் கார்டு ஓடவில்லை. என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. டின்னைத் திருப்பி எடுத்துப் போய், பெயர் முன்பக்கம் தெரிகிற மாதிரி நேராக அடுக்கில் வைத்துவிட்டு வந்தாள். அந்த நேராக வைத்ததுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போதெல்லாம் கடைக்குள்ளே போய் தொகை சொல்லித்தான் எண்ணெய் போடுகிறேன்.

கோலப்பிலா அண்ணன்:

தம்பி கிராணி, கோபித்துக்கொள்ளாதே. கடிதத்தைப் படிக்காமல் கார்டை எடுத்துக்கொண்டு போனது உன் தப்பு. எனக்கும் முதல் கார்டுக்கு 2,000தான் கொடுத்தார்கள், வேன் டயர் மாற்றும்போது மாட்டிக்கொண்டேன், அதை விடு.

பேங்க் நெகாரா, அதாவது நம் மத்திய வங்கி, 2011-இல் போட்ட விதி ஒன்று இருக்கிறது. வருஷத்துக்கு 24,000 வெள்ளி வருமானம் இருந்தால்தான் கார்டு. 36,000 வரை சம்பாதிப்பவர்களுக்கு ஒரு பேங்க் மாதச் சம்பளத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் லிமிட் தரக்கூடாது. இரண்டு பேங்குக்கு மேல் கார்டும் வைத்திருக்க முடியாது. உன் 2,300-க்கு உச்சம் 4,600. ஏன் 1,500? புது ஆள், பழைய கடன் ஒன்றும் கட்டிய பதிவு இல்லை, அதனால் பயந்து கொடுத்திருப்பார்கள். சிசிஆர்ஐஎஸ் என்கிற பேங்க் நெகாராவின் கடன் பதிவில் கடைசி 12 மாதம் நீ ஒழுங்காகக் கட்டினாயா என்பது தெரியும். பிடிபிடிஎன் படிப்புக் கடன் இருந்தால் அதுவும் அதில் ஏறும். பேங்க் நெகாரா யாரையும் பிளாக்லிஸ்ட் பண்ணுவதில்லை. பதிவை மட்டும் வைத்திருக்கிறது, முடிவு பேங்கினுடையது. இ-சிசிஆர்ஐஎஸ் இணையதளத்தில் பதிந்து இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம். ஓவர்டைம், அலவன்ஸ் எல்லாம் சேர்த்துக் காட்ட வேண்டுமானால் இபிஎஃப் (சேமநிதி) அறிக்கையைக் கொடு. ஆறு மாதமோ ஒரு வருஷமோ பில்லை முழுசாகக் கட்டிவிட்டு லிமிட் கூட்டக் கேள். ஐந்து விழுக்காடு கட்டினால் போதும் என்று பில்லில் இருக்கும், அதை நம்பி உட்கார்ந்துவிடாதே, மிச்சத்துக்கு வருஷம் 15-இலிருந்து 18 விழுக்காடு வட்டி. ஏடிஎம்மில் கார்டைப் போட்டுக் காசு எடுக்கவே எடுக்காதே, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். வருஷத்துக்கு ஒரு கார்டுக்கு 25 வெள்ளி சேவை வரி வேறு. கோபத்தில் நாலு பேங்கில் விண்ணப்பம் போடாதே, அதுவும் பதிவில் தெரியும்.

பழம் வெட்டுறவன்:

அண்ணே, இரண்டு மடங்கு "வரை"தான், இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும் என்று விதி இல்லை. அந்தத் தம்பி தன் அப்பாவைப் பற்றி எழுதினார், நீங்கள் இபிஎஃப் பற்றி எழுதுகிறீர்கள்.

எனக்குச் செம்பனை வெட்டு வேலை. பழம் நிறைய விழும் மாதம் 2,900 வரும், மழை பிடித்தால் 1,950. மூன்று மாத சம்பளச் சீட்டு கேட்டார்கள், கொடுத்தேன். ஆபீசர் மூன்றையும் மேசையில் பரப்பி வைத்து, கம்மியாக இருந்த சீட்டைப் பேனாவால் வட்டம் போட்டார். என் முன்னாலேயே. அந்த மாதம் பதினொரு நாள் மழை, எங்களை உள்ளே விடவில்லை. அதைச் சொன்னேன், அவர் எழுதவில்லை. லிமிட் 1,500 வந்தது. நல்ல மாதத்துக்கு ஏன் வட்டம் போடவில்லை என்று கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று. 2025-இல் குறைந்தபட்ச சம்பளம் 1,700 ஆனது. பன்னிரண்டு மாதத்துக்கு 20,400. அதாவது அந்தச் சம்பளத்தை மட்டும் வாங்குகிறவருக்கு 24,000 எட்டாது, கார்டே இல்லை. தோட்டத்தில் எத்தனை பேர் அப்படி இருக்கிறார்கள், எண்ணிப் பாருங்கள்.

ரொம்பின் அக்கா:

லிமிட் கம்மி என்று வருத்தப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் என் கதை வேறு. அந்த விதி வருவதற்கு முன்னால் எங்கள் அண்ணனிடம் ஆறு கார்டு இருந்தது. ஒன்றில் எடுத்து இன்னொன்றைக் கட்டுவார். கடைசியில் ஏகேபிகே என்கிற கடன் ஆலோசனை நிறுவனத்தில் உட்கார்ந்து மாதத் தவணை பிரித்துக் கொடுத்தார்கள், அந்த ஆலோசனைக்குக் காசு வாங்கவில்லை. ஆறு கார்டையும் அண்ணி சாப்பாட்டு மேசையில் வைத்துக் கத்தரித்தார். பிளாஸ்டிக் வெட்டுப்படும் சத்தம் இன்னும் கேட்கிறது. எனக்கு லிமிட் 2,000. கூட்டித் தருவதாக பேங்கிலிருந்து கூப்பிட்டார்கள், வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

பகாவ் கிராணி:

கோலப்பிலா அண்ணே, கோபம் இல்லை. இபிஎஃப் அறிக்கை எடுத்துவிட்டேன், ஒரு வருஷம் ஆனதும் கேட்கிறேன். பழம் வெட்டுறவர் அண்ணே, நீங்கள் சொன்ன அந்த 20,400 கணக்கில்தான் எங்கள் அப்பாவும் வருகிறார்.

நேற்று அவருக்குக் கண்ணாடி மாற்றப் போனோம், 180 வெள்ளி. நான் கார்டை எடுத்ததும் அப்பா வாங்கிக்கொண்டார். சட்டையில் துடைத்து, அவரே கடைக்காரப் பெண்ணிடம் கொடுத்தார். ஓடியது. "பாத்தியா" என்றார் என்னிடம். நான் ஆமாம்பா என்றேன்.