ஐ7-1255யு வாங்கலாமா, ஐ5-12450எச் வாங்கலாமா?

செம்பூர் கணக்கன்

வணக்கம். மும்பை செம்பூரில் மூன்று கடைகளுக்கு டேலி மென்பொருளில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். மகள் கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கட்டட வரைபட மென்பொருள்களான ரெவிட், ஸ்கெட்ச்சப் ஓடுகிற லேப்டாப் வேண்டுமாம். சனிக்கிழமை லேமிங்டன் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கியதில் இரண்டு மாடல்கள் தேறின. ஒன்றில் இருக்கும் இன்டெல் ப்ராசசர் ஐ7-1255யு, 64,000 ரூபாய். மற்றதில் ஐ5-12450எச், தனி கிராபிக்ஸ் சிப்புடன் 61,000. இரண்டிலும் 16 ஜிபி ரேம். "ஏழு பெரியதா, ஐந்து பெரியதா? நீங்கள்தானே கணக்கர்!" என்று கடைப் பையன் என் வாயை அடைத்துவிட்டான்.

எனக்கு ஒரு பழைய சூடு இருக்கிறது. 2017 தொடக்கத்தில், இன்னொரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு, பத்தாயிரம் கூடுதலாகக் கொடுத்து ஐ7-7500யு வாங்கினேன். மறு வருடம் மைத்துனன் ஐ5-8250யு வாங்கினான். ஒரே எக்செல் கோப்பு. அவனுடையதில் கணக்கு முடிந்து அவன் டீ குடிக்க எழுந்துவிடுகிறான். என்னுடையதில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏழு எப்படி ஐந்திடம் தோற்றது?

டோம்பிவிலி வாசி

ஐ7 கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் சார். எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அதுதான்.

கிராண்ட் ரோடு அண்ணாச்சி

கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவர்களால்தான் பதினெட்டு வருடமாக என் பழுதுபார்க்கும் கடை ஓடுகிறது.

முதலில் உங்கள் பழைய சூடு. 7500யுவில் இருப்பது இரண்டே கோர் (சிப்புக்குள் வேலை செய்யும் மூளை), நான்கு திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை). 8250யுவில் நான்கு கோர், எட்டு திரெட். இரண்டும் 15 வாட் சிப்கள்தான். 2017இல் இன்டெல் இந்த யு வரிசையில் ஒரே தாவலில் கோர்களை இரட்டிப்பாக்கியது. மைத்துனர் புத்திசாலி என்று எண்ண வேண்டாம். தாமதமாக வாங்கினார், அவ்வளவுதான்.

இப்போது இந்த இரண்டுக்கு வருவோம். முன்னால் இருக்கும் ஏழு, ஐந்து எல்லாம் ரயில் பெட்டியின் வகுப்பு. எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்துதான் வண்டி. தாணேவிலிருந்து ஸ்லோ லோக்கலில் முதல் வகுப்பில் உட்கார்ந்து போனாலும், ஃபாஸ்ட் லோக்கலில் இரண்டாம் வகுப்பில் நசுங்கிப் போகிறவன்தான் கடைசி நிலையமான சிஎஸ்எம்டியில் முதலில் இறங்குவான். (செம்பூர்க்காரரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. ஹார்பர் லைனில் ஃபாஸ்ட் லோக்கலே கிடையாது.) யு என்றால் 15 வாட்டில் சிக்கனமாக ஓடும் வண்டி. எச் என்றால் 45 வாட்.

1255யுவின் விளம்பரத்தில் 10 கோர் என்று போட்டிருப்பார்கள். அதில் வேகமான பெரிய கோர் இரண்டுதான், மீதி எட்டும் சிக்கனமான சின்னவை. 12450எச்சில் மொத்தம் எட்டு. நான்கு பெரியவை, நான்கு சின்னவை. பத்து எட்டைவிடப் பெரியது என்று அடுத்த கடைப் பையன் சொல்வான். திரெட் எண்ணிக்கை இரண்டிலும் 12 என்பதைச் சொல்ல மாட்டான்.

ஐ7 பக்கமும் நியாயம் உண்டு. ரெவிட்டில் சுவர் எழுப்புவது, கதவு வைப்பது போன்ற வேலைகள் பெரும்பாலும் ஒரே கோரை நம்பித்தான் நடக்கின்றன. அங்கே 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை எகிறும் 1255யு பின்தங்காது; 12450எச்சின் உச்சமே 4.4தான். ரெண்டரிங் (வரைபடத்தை நிஜப் படம்போல் ஆக்கும் வேலை) கொடுத்துவிட்டு அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

போன மாதம் என் மேஜையில் இரண்டு லேப்டாப்கள் அருகருகே திறந்து கிடந்தன. இரண்டிலும் இதே 1255யு, கம்பெனி மட்டும் வேறு. ஒன்றில் சூட்டைக் கடத்த பென்சில் அகலத்தில் ஒரே ஒரு செம்புக் குழாய், உள்ளங்கையில் பாதிகூட இல்லாத விசிறி. இன்னொன்றில் இரண்டு குழாய்கள். ஒரே சோதனையை இரண்டிலும் ஓட்டினேன். முதல் அரை நிமிடம் அண்ணன் தம்பிபோல் ஓடின. பத்து நிமிடம் கழித்து முதலாவது மூச்சுவாங்கி 15 வாட்டுக்கு இறங்கிவிட்டது. இரண்டாவது 25ஐ விடவில்லை. வெளியே ஒட்டியிருந்த ஸ்டிக்கர் இரண்டிலும் ஒன்றே.

கட்டடக்கலைக்கு எச்சை எடுங்கள். தனி கிராபிக்ஸ் சிப்பும் இருக்கும்போது யோசிக்க ஒன்றுமில்லை.

மாட்டுங்கா மாணவி

அண்ணாச்சி சொல்வது மேஜைமேல் வைத்து ஓட்டுகிறவர்களின் கதை. நானும் இதே துறைதான், என்னிடம் இருப்பதும் 12450எச்தான். லேப்டாப் 2.3 கிலோ, சார்ஜர் செங்கல்போல் இன்னொரு அரைக் கிலோ. காலை லோக்கலில் இதை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பது தனிப் பயிற்சி. சுவரோரம் பிளக் இருக்கும் இடத்தைப் பிடிக்காவிட்டால் மூன்றாவது வகுப்புக்கு முன்பே பேட்டரி தீர்ந்துவிடும். ரெண்டர் ஓடும்போது விசிறிச் சத்தம் கேட்டு ஆசிரியர் ஒருமுறை ஏசியைப் பார்த்தார்.

ஐ7தான் எடுப்பதாக இருந்தால், ரேம் ஒரே பட்டையாக இருக்கிறதா, இரண்டாக இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள்ளேயே இருக்கும் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ், ரேம் இரட்டைச் சேனலில் (இரண்டு பாதைகளில்) இருந்தால்தான் அந்தப் பெயரில் வரும். ஒரே பட்டை என்றால் வெறும் யுஎச்டி என்றுதான் காட்டும், வேகமும் குறையும்.

இவ்வளவு புலம்பினாலும் மறுபடி வாங்கினால் எச்தான் வாங்குவேன். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவில் எடை நினைவுக்கு வராது.

செம்பூர் கணக்கன்

இருவருக்கும் நன்றி. மகளிடம் காட்டினேன், எச் என்று முடிவாகிவிட்டது. நான் பழைய 7500யுவிலேயே காலத்தை ஓட்டிவிடலாமா? இல்லையென்றால் ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 7520யு சிப் போட்ட லேப்டாப் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. 7000 வரிசை, புதியது என்கிறார்கள்.

கிராண்ட் ரோடு அண்ணாச்சி

எஸ்எஸ்டி (பழைய ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) போட்டால் டேலிக்கு உங்கள் 7500யுவே போதும் என்றுதான் சொல்ல வந்தேன். சிக்கல் வேறு இடத்தில். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் இன்டெல் சிப்கள், ஓரிரு விலக்கு தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. உங்களுடையது ஏழாம் தலைமுறை. அடுத்தவர் கணக்கு வைத்திருக்கும் கணினி, பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் விடாதீர்கள்.

7520யுவில் முதல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், மூன்றாவது எண்ணைப் பாருங்கள். அங்கே 2 இருந்தால் ஸென் 2, அதாவது 2019இல் வந்த வடிவமைப்பு, நான்கே கோர். ரேமையும் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பின்னால் கூட்ட வழியில்லை. 7530யு என்றால் ஸென் 3, ஆறு கோர். இரண்டுக்கும் ஸ்டிக்கரில் ரைசன் 5 என்றே இருக்கும். மூவாயிரம் நாலாயிரம் கூடினாலும் 7530யு தேடுங்கள்.

இன்டெல்லும் 2023இல் அந்த 'ஐ'யை எடுத்துவிட்டது. கோர் 7 150யு என்று புதிதாக ஒன்றைக் காட்டுவார்கள். உள்ளே 1255யுபோல அதே இரண்டு பெரிய கோர், எட்டு சின்ன கோர்.

செம்பூர் கணக்கன்

7530யு தேடுகிறேன். அப்படியென்றால் மைத்துனனின் 8250யு எட்டாம் தலைமுறை, அதில் விண்டோஸ் 11 ஓடும், இல்லையா?

கிராண்ட் ரோடு அண்ணாச்சி

ஓடும்.

செம்பூர் கணக்கன்

சரி. அவனிடம் சொல்லப்போவதில்லை.